இயற்பியல் பட்டம் காசுக்குத் தேறுமா? சிறுவாச்சூர் பெற்றோர் போடும் கணக்கு!

பிளஸ்-2 முடிவு வந்துவிட்டால் போதும். திங்கள், வெள்ளியில் மதுரகாளியம்மனைக் கும்பிட வரும் கூட்டத்திலும் இதே பேச்சுதான்: “பி.எஸ்சி. இயற்பியல் படிச்சா வேலை கிடைக்குமா சார்?”

செலவை முதலில் பார்ப்போம். குரும்பலூரிலும் அரியலூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. இடம் கிடைத்தால் கட்டணம் பெரிய சுமை இல்லை. 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022-ல் வந்த ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ரூ.1,000. மூன்று வருஷம் முழுக்க வந்தால் ரூ.36 ஆயிரம்! மாணவனுக்கும் 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ உண்டு.

பணத்தைவிடப் பெரிய செலவு வருஷம்தான். பள்ளி ஆசிரியர் ஆக பி.எஸ்சி. 3, பி.எட். 2, அதற்கு மேல் தகுதித் தேர்வு. பிளஸ்-2 வகுப்புக்குப் பாடம் நடத்த எம்.எஸ்சி. 2 கூட. ஆக 7 வருஷம்! அதுவரை அப்பா சம்பாத்தியம்தான். பொறுக்காதவர்கள் குரூப்-4 எழுதுகிறார்கள். அதற்குப் பத்தாம் வகுப்பே போதுமே!

சர் சி.வி.ராமனே எம்.ஏ. முடித்து 1907-ல் நிதித் துறைக் கணக்கு அதிகாரியாகத்தான் போனார். பேராசிரியர் ஆனது 1917-ல். அதுவும் குறைந்த சம்பளத்துக்கு.

நல்ல வேலை இல்லாமல் இல்லை. எம்.எஸ்சி.யில் 60 சதவீதம் எடுத்து, பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வானால் விஞ்ஞானி பதவி. கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சி நடக்கிறது. ‘ஜாம்’ தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. சேரலாம்.

கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்து, பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொள்வதுதான் நஷ்டம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தவர் தைரியமாகச் சேரலாம். முதல் வருஷமே ‘ஜாம்’ பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கட்டும்.