சாக்கன் எஞ்சினே சாலும்

மாணவர் கட்டும் பந்தயக் காருக்கு எந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது? ஔந்தில் நம் தமிழ் நண்பர்கள் கூடும் அறைகளில் இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஜப்பானின் ஹோண்டா 600 சி.சி. நான்கு சிலிண்டர் என்கிறது ஒரு கட்சி. பக்கத்துச் சாக்கனில் பஜாஜ் ஆலை செய்து 2013இல் சந்தைக்கு விட்ட கே.டி.எம். 390இன் ஒற்றைச் சிலிண்டர் என்கிறது மறு கட்சி. நான் மறு கட்சி.

ஆற்றலில் ஹோண்டாவே பெரிது, மறுப்பாரில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர்க்கென நடக்கும் பார்முலா பாரத் போட்டியில், பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியேதான் புகவேண்டும். துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம் கூடுதலாக வராது. நிமிடத்துக்கு 13,000 சுற்றுச் சுற்றப் பிறந்த எஞ்சினின் மூக்கைப் பிடித்த கதைதான்! 373 சி.சி.க்கு அத்துணை நெருக்கடி இல்லை. கனமும் ஏறத்தாழ 20 கிலோ குறைவு.

செலவைப் பார்ப்போம். 390இன் சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு. பழைய அம்பாசடரின் இரும்புப் பிளாக்கைப் போலப் 'போர்' போட்டுப் பெரிய பிஸ்டன் இட முடியாது. பூச்சு கெட்டால் சிலிண்டரையே மாற்றவேண்டும். அது புனேயிலேயே கிடைக்கிறது. ஹோண்டாவிலோ நான்கு சிலிண்டரும் மேல் கிராங்க் கேசும் ஒரே வார்ப்பு. ஒன்று பழுதானால் மொத்தமும் பழுது. கடல் கடந்து ஆர்டர் அனுப்பிக் காத்திருப்பதற்கு யாருடைய உபகாரச் சம்பளம்?

பழைய 390 ஒன்றை வாங்குமுன் ஹெட்டைக் கழற்றச் சொல்லி, 89 மில்லிமீட்டர் துளையின் சுவரை விளக்கொளியில் பாருங்கள். கழற்ற மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.