பூங்கா வேண்டாம், ஏரி வெட்டுங்கள்

கிண்டி ரேஸ் கோர்ஸில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்து, ‘சுற்றுச்சூழல் பூங்கா’ அமைக்கச் சொல்லியிருக்கிறது அரசு. அங்கே குளம் வெட்டுவதில் எனக்குக் குறையில்லை. பூங்கா என்ற சொல்தான் வயிற்றைக் கலக்குகிறது. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, இசை நீரூற்று எல்லாம் உண்டு. ஆறு ஏக்கருக்கே இவ்வளவு என்றால், 118 ஏக்கருக்கு?

கே.கே. நகரில் எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. ஐப்பசி மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. யாரும் எதையும் விதைக்கவில்லை. மூன்றே வாரத்தில் கோரை தலைநீட்டியது, ஓரமாகப் பொன்னாங்கண்ணி படர்ந்தது, தட்டான்கள் வந்தன. ‘கொசு’ என்று யாரோ புகார் சொல்ல, மார்கழியில் இரண்டு லாரி கட்டடக் கழிவைக் கொட்டி மேடாக்கினார்கள். இப்போது முளைப்பது எருக்கு மட்டும்தான்.

தண்ணீரைத் தேக்கினால் மற்றது தானே வரும் என்பதில் என் ஆசான் பீவர். பேச்சை எடுத்தாலே நண்பர்கள் காபி குடிக்க எழுந்துவிடுகிறார்கள். இங்கே நீங்கள் எழ முடியாது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் இந்தக் கொறிவிலங்கு, மரத்தைப் பல்லால் அறுத்து ஓடைக்குக் குறுக்கே அணை போடும். தண்ணீர் பரவி, வேர் அழுகிச் சில மரங்கள் நின்றபடியே சாகும். அறுபட்ட வில்லோ அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். கரையில் கோரை அடரும். பீவர் போய் அணை உடைந்தாலும், தேங்கிய வண்டல் புல்வெளியாகும். காட்டுத்தீயில் பீவர் இல்லாத ஓடைக்கரைகள், அது இருந்த கரைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் பசுமையை இழந்தன என்றது 2020-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. செக் நாட்டின் பிர்டி பகுதியில் ஈரநிலத்தை மீட்க ஏழு ஆண்டுகள் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. பீவர்களே அணை கட்டி முடித்துவிட்டன என்று 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது. அரசுக்கு மிச்சம் 3 கோடி கொருனா!

‘அர்ஜென்டினாவின் தென்கோடியில் 1946-ல் விட்ட பீவர்கள் காட்டையே அழித்தனவே?’ அழித்தன, அங்குள்ள லெங்கா மரம் அறுத்தால் துளிர்க்காது. அதற்கென்ன? அடையாற்றில் பீவர் விடச் சொன்னேனா? ஓடையை மறித்துக் கரை கட்டிய பீவர் நம் பாட்டன்தான். அவன் கட்டியதற்கு ஏரி என்று பெயர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. கொசுவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள், முதலில் தங்கள் வாசலில் அடைத்துக் கிடக்கும் வடிகாலை எட்டிப் பார்க்கட்டும்.

ரேஸ் கோர்ஸுக்கு வேண்டியது கரையும் கலங்கலும். கரையில் நாலு நீர்மருது நடுங்கள். கோரையும் சம்பும் அழைக்காமலே வரும். தோட்டக்கலைத் துறை கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். 118 ஏக்கரும் ஏரியானால், வேளச்சேரியில் படகு விடும் நவம்பர்கள் குறையும். குதிரைமேல் பணம் கட்டிய மைதானத்தில் என் பணத்தைத் தண்ணீர்மேல் கட்டுகிறேன்.