கிரீம் பிரிவதைவிடப் பெரிய பிரச்சினை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டிலேயே முகக் கிரீம் தயாரித்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். கற்றாழைச் சோறு, பன்னீர், தேங்காய் எண்ணெய் மூன்றையும் மிக்ஸியில் அடித்து டப்பாவில் அடைத்து, மேலே ‘கெமிக்கல் இல்லாதது’ என்று ஒட்டியிருந்தாள்.

“சார், பத்து நாள்ல எண்ணெய் தனியா பிரிஞ்சு நிக்குது. வாங்கினவங்க திருப்பித் தர்றாங்க.”

“பால்மமாக்கி சேர்க்கணும்மா. எமல்சிஃபையர்.”

“ஐயோ, அது கெமிக்கல் ஆச்சே சார்!”

எனக்குச் சுருக்கென்றது. பிளஸ் டூவில் அவளுக்குப் பால்மம் நடத்தியவனே நான்தான். வரையறை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினாள். தினமும் காய்ச்சுகிற பாலே ஒரு பால்மம்தான் என்பதை அவள் மனதில் பதிய வைத்தேனா? சந்தேகம்தான்.

பாலில் கொழுப்புத் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதபடி புரதம் சுற்றி நின்று காக்கிறது. கிரீமில் அந்த வேலையைச் செய்வது பால்மமாக்கி. அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். இரண்டுக்கும் நடுவில் நின்று சண்டை தீர்த்து வைக்கும்.

1911இல் ஜெர்மனியில் நிவியா கிரீம் வந்தது இப்படித்தான். அதில் எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்து வைத்த பொருள், ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்தது. அது இயற்கையா, கெமிக்கலா? இந்தக் கேள்வியே அர்த்தமில்லாதது. பன்னீரும் கெமிக்கல்தான். லேபிளில் ‘செட்டைல் ஆல்கஹால்’ என்று பார்த்ததும் சிலர் சாராயம் என்று பயப்படுகிறார்கள். அது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள். கிரீம் கெட்டியாகவும் பிரியாமலும் இருக்க உதவுகிறது.

அதற்காக எல்லாப் பால்மமாக்கிகளும் நல்லவை என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் எக்ஸிமாவுக்கு ‘அக்வியஸ் கிரீம்’ என்று ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். அது சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, தோல் எரிச்சலை உண்டாக்கலாம் என்று 2013இல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதில் இருந்த சோடியம் லாரில் சல்பேட் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆகவே எந்தப் பொருள், எவ்வளவு, யார் தோலுக்கு என்று பார்க்க வேண்டும். ‘கெமிக்கல்’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் ஒதுக்கினால் அந்தக் கேள்விகளைக் கேட்கவே மாட்டோம்.

இனி என் உண்மையான கவலை. அவள் கொண்டுவந்த டப்பா ஒன்றைத் திறந்தேன். புளித்த வாடை. தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். பால்மமாக்கி சேர்த்தால் கிரீம் பிரியாது, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிருமியை அது தடுக்காது. அதற்குக் கெடாமல் காக்கும் பொருள் தனியாக வேண்டும். “கைக்குழந்தைக்குக்கூடத் தடவுறாங்க சார்” என்று அவள் பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“இதை விற்காதேம்மா” என்றேன். முகம் வாடிவிட்டது. அந்த வருமானத்தில்தான் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாள்.

வழி இருக்கிறது. தண்ணீரே வேண்டாம். தேன்மெழுகை உருக்கி எண்ணெயில் கலந்தால் தைலம் போல உறையும். தண்ணீர் இல்லாததால் பால்மமாக்கி தேவையில்லை. ஈரக்கை படாமல் வைத்துக்கொண்டால் கிருமிப் பயமும் குறைவு. வெடித்த குதிகாலுக்கும் உதட்டுக்கும் நன்றாக இருக்கும். கிரீம்தான் வேண்டுமென்றால் முறையாகக் கற்று, சோதனை செய்து, உரிமம் வாங்கிச் செய்யட்டும்.

வீட்டுத் தயாரிப்பு வாங்கும் நண்பர்கள் இரண்டே கேள்வி கேளுங்கள். இதில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால், கெடாமல் இருக்க என்ன சேர்த்திருக்கிறீர்கள்? “ஒன்றும் சேர்க்கவில்லை” என்று பெருமையாகப் பதில் வந்தால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முப்பது வருடம் வகுப்பில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிட்டேன். பாடம் நடத்திய கடன் இன்னும் தீரவில்லை.