‘யாவரும் நலம்’ என்னும் பொய்

“இங்கு யாவரும் நலம், அங்கும் நலமறிய அவா.” நம் மடல்களின் இந்தத் தொடக்கத்தை அயர்லாந்து நாட்டுச் சிற்றூர் மக்களும் ஏறத்தாழ இப்படியே எழுதினர். கடல் கடந்த பிள்ளைகளுக்கு அவர்கள் விடுத்த மடல்கள், இறையருளால் நாங்கள் அனைவரும் சுகம் என்றே தொடங்கின. தொடக்கத்தில் தவறில்லை. துயரம் நேர்ந்த பின்னும் அந்த ஒரு வரியோடு மடலை முடித்துக்கொள்வதே தவறு. தொலைவில் இருப்பவரை வருத்தலாகாது எனக் கருதி இல்லத்தின் துயரை மறைப்பது அன்பே என்பர் பலர். அது அன்பன்று என்பது நம் வாதம்.

பிரிவின் கொடுமையை அயர்லாந்தைப் போல் அறிந்த நாடுகள் மிகச் சிலவே. 1841-இல் அங்கு வாழ்ந்தோர் 80 இலட்சத்துக்கும் மேல். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, பெரும் பஞ்சம் மூண்டது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். 1851-இல் எஞ்சியவர் 65 இலட்சம். பஞ்சம் தணிந்தும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1950-களில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நாட்டை விட்டகன்றனர். 1842-இல் சென்னைக்கு வந்து நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பிரசன்டேஷன் சபைக் கன்னியரும் அம்மண்ணிலிருந்து புறப்பட்டவர்களே.

அமெரிக்காவுக்குப் புறப்படும் மகனுக்காகவோ மகளுக்காகவோ முந்திய இரவு ஊரார் கூடி விழித்திருப்பர். பிணத்தருகே விழித்திருக்கும் இரவின் பெயரையே அதற்கும் சூட்டி, ‘அமெரிக்க வேக்’ என்றனர். ஆட்டமும் பாட்டும் உண்டு. விடியற்காலையில் ஒப்பாரியும் உண்டு. இனி இவ்வுலகில் முகம் காண்போமா என்னும் ஐயம் பெற்றோரை வாட்டிற்று.

இவ்வாறு இறந்தவர்போல் அழப்பட்டவரைக் குடும்பத்தில் உயிரோடு வைத்திருந்தது மடலே. அதில் என்ன இருந்தது? பசு கன்று ஈன்றது. மழைக்கு முன் வைக்கோல் சேர்த்தாயிற்று. அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகள் இவ்வாண்டு சரியாக உலரவில்லை. வீடுகளில் முறை வைத்து நிறைவேற்றப்படும் திருப்பலி இம்முறை இன்னார் வீட்டில் நடந்தது. பெரிய செய்திகளை எழுதாமல் அற்பங்களை எழுதினரே என்று நகைப்போர் உளர். நாம் நகைக்கமாட்டோம். திருப்பலி எவர் வீட்டு முறை என்று அறிந்தவன் பாஸ்டனில் வாழ்ந்தாலும் அப்பங்கின் மகனே. ‘வெஸ்டர்ன் பீப்பிள்’, ‘கெர்ரிமேன்’ போன்ற வட்டார வார ஏடுகளைச் சுருட்டித் தபாலில் அனுப்பிய தாய்மார் இதை உணர்ந்திருந்தனர்.

எனினும் அவ்வீடுகளிலும் மறைப்பு இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே காசநோய் குடும்பத்துக்கு இழுக்கெனக் கருதப்பட்டு மூடி மறைக்கப்பட்டது. அடக்கம் முடிந்து வாரங்கள் கழிந்தபின் சென்று சேரும் செய்தியால் பயன் என்ன என்று கேட்டோரும் உண்டு. பாய்மரக் கப்பல் ஆஸ்திரேலியாவை அடைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆன காலத்தில் அக்கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆயின், இறந்தோருக்காக மன்றாடும் திருச்சபையின் மக்களாகிய நாம் அதை எப்படி ஏற்போம்? தந்தையின் இறப்பை மகனிடம் மறைப்பவர் மகனின் கண்ணீரைத் தடுக்கவில்லை. தந்தைக்கு உரிய மகனின் மன்றாட்டையே தடுக்கின்றனர்.

புனித பவுல் என்ன செய்தார்? எப்பப்பிராதித்து சாகும் நிலை வரை நோயுற்றதைப் பிலிப்பியரிடம் அவர் மறைக்கவில்லை. தம் நோய்ச் செய்தி ஊருக்கு எட்டியதை அறிந்து எப்பப்பிராதித்து மனம் கலங்கியதையும் சேர்த்தே எழுதினார். சிறையிலிருந்து எழுதிய அவருக்கு ‘யாவரும் நலம்’ என்று முடித்துக்கொள்ள எத்தனையோ காரணங்கள் இருந்தன.

இன்று தொலைவு ஒரு சாக்காகாது. அயர்லாந்தின் இறப்பு அறிவிப்புகளை 2005 முதல் ஓர் இணையதளம் வெளியிட்டு வருகிறது. 2020-இல் கொரோனாக் காலத்தில் அடக்கத் திருப்பலிக்குப் பத்துப் பேரே அனுமதிக்கப்பட்டபோது, கடல் கடந்தோர் ஆலயத்துக் கேமரா வழியாகவே தம் பெற்றோரை வழியனுப்பினர். வீடு மறைத்தாலும் திரை சொல்லிவிடும். தாயின் நோயை உடன்பிறந்தோரிடமிருந்து அறிவதற்கும் அயலார் வாயிலாக அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை, அவ்வாறு அறிந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பணம் தேவைப்படும்போது மட்டும் முழு உண்மையை எழுதி, துயர் நேரும்போது பாதி உண்மையை எழுதும் குடும்பம், பிரிந்தவரை விருந்தாளியாக்கிவிடுகிறது. விருந்தாளிக்கே வீட்டின் கவலை தெரியலாகாது. பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அயல்நாட்டில் ஒருவரையேனும் கொண்ட அன்பர்களே, அடுத்த முறை அவர்களிடம் பேசும்போது பசு ஈன்றதையும் சொல்லுங்கள். அப்பாவின் இருமல் நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.