சுத்தியல் விலை

2020 ஜனவரியில் பிரிட்டனில் ஒரு சவரன் தங்கம் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. எழுத்துப் பிழை ஏதும் இல்லை. நகைக்கடைப் பலகையில் நாம் தினமும் பார்க்கிற அதே சவரன்தான். அந்தச் சொல்லே ‘சாவரின்’ என்ற ஆங்கிலேய நாணயத்திலிருந்து நமக்கு வந்தது. எடை 7.98 கிராம், இருபத்திரண்டு காரட். பத்து லட்சத்துக்குப் போன காசில் இருந்த தங்கத்தின் மதிப்பு சில நூறு பவுண்டுகளைத் தாண்டாது. மிச்சமெல்லாம் எட்டாம் எட்வர்டின் முகத்துக்குக் கொடுத்த விலை.

அந்த முகத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு மன்னர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பது பிரிட்டிஷ் நாணய மரபு. எட்வர்டு தன் இடப்பக்கத் தோற்றம்தான் எடுப்பானது என்று நினைத்தார், மரபை மீறி அப்படியே செதுக்கச் சொன்னார். காசு புழக்கத்துக்கு வரும் முன்பே, 1936 டிசம்பரில், காதலுக்காக முடியைத் துறந்துவிட்டார். மாதிரிக்கு அடித்த சிலவே மிஞ்சின. 2021-இல் இதே வரிசையின் ஐந்து பவுண்டு தங்கக் காசு அமெரிக்க ஏலத்தில் 22.8 லட்சம் டாலருக்குப் போனது.

நான் கேட்பது இதுதான். இது நாணயமா? இதைக் கொடுத்து ஒருவரும் ஒரு ரொட்டி வாங்கியதில்லை. இதை வைத்து யாரும் கடன் அடைக்கவில்லை, கூலி கொடுக்கவில்லை, பல்லால் கடித்துச் சோதிக்கவில்லை. வெளிவராத ஒரு பொருளின் மாதிரி. அதை வாங்குகிறவர் பணக்காரர், வாங்கிக்கொள்ளட்டும், எனக்கென்ன. ஆனால் அந்த விலையை எடுத்துவந்து, “பிரிட்டிஷ் நாணயங்களிலேயே மதிப்புமிக்கது இதுதான்” என்று செய்தித்தாளும் ஏலக்கடையும் ஒரே குரலில் பாடும்போதுதான் என் வயிறு எரிகிறது. விலைக்கும் மதிப்புக்கும் நடுவே இருந்த கோட்டை இந்தக் கூட்டம் அழித்துவிட்டது. அதனால் உண்மையான நட்டம் யாருக்கோ ஏற்படுகிறது.

முதலில் ஏலத்தில் விழும் விலை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். 2022 ஜனவரியில் ஸ்பிங்க் நிறுவனத்தின் ஏலத்தில் மூன்றாம் ஹென்றியின் தங்கப் பென்னி ஒன்று வந்தது. டெவன் மாவட்டத்தில் ஹெமியாக் என்ற ஊர் வயலில் மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவருக்குக் கிடைத்தது. 1257-இல் தொடங்கிய வெளியீடு. தெரிந்தவரை மொத்தம் எட்டே காசுகள். சுத்தியல் 5,40,000 பவுண்டில் விழுந்தது. அதன்மேல் வாங்குபவர் கமிஷன் இருபது சதவீதம் சேர்ந்து 6,48,000. பத்திரிகைகள் அச்சடித்தது பெரிய எண்ணை. விற்றவர் கணக்கு சுத்தியல் எண்ணிலிருந்து தொடங்குகிறது, அதிலும் விற்பனைச் செலவு போகும். ஒரே காசு, ஒரே நிமிடம், மூன்று விலை. இதில் எது அதன் ‘மதிப்பு’?

அந்த 5,40,000-ஐ முடிவுசெய்ததும் வாங்கியவர் அல்ல, அவருக்கு முந்தைய கேள்வியில் நின்றுவிட்டவர். அவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தால் காசு சில பல லட்சம் குறைவாகப் போயிருக்கும். இரண்டு பேருடைய ஆசையும் வீம்பும் உரசியபோது பறந்த பொறி அது. அவ்வளவுதான். நம்ம ஊரில் கோயில் திருவிழா ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகிறது. அதைப் பார்த்து எலுமிச்சை விலை ஏறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, அந்த விவேகம் நமக்கு இருக்கிறது.

அரிதானதுதான் விலைபோகும் என்பது அடுத்த பொய். 2009-இல் கியூ தாவரவியல் தோட்டத்துக்காக ஐம்பது பென்ஸ் காசு ஒன்று வெளியானது. 2,10,000 காசுகள் அடித்தார்கள். அதை நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னியை, மனித விரல்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த பென்னியை, அதைவிடக் குறைந்த விலையில் வாங்கலாம். மாறாக, 1917-இல் லண்டனில் பத்து லட்சத்துக்கும் மேல் சாவரின்கள் அடிக்கப்பட்டன. போர்ச்செலவுக்காகப் பெரும்பாலும் அமெரிக்கா போய் உருகிவிட்டன. இன்று அது கிடைப்பதரிது. எத்தனை அடித்தார்கள் என்பது ஒன்று, எத்தனை மிஞ்சின என்பது வேறொன்று, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது மூன்றாவது. ஏல விலை பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் அளக்கிறது.

இதற்குச் சரியான சான்று ஸ்காட்லாந்துக் காசுகள். ஸ்காட்லாந்தின் நாணய வரலாறு 1136-இல் முதலாம் டேவிட் கார்லைலைக் கைப்பற்றி, அங்கிருந்த வெள்ளியையும் அக்கசாலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டதில் தொடங்குகிறது. அன்றுமுதல் இங்கிலாந்தைவிடக் குறைவாகத்தான் அடித்தார்கள், எனவே குறைவாகத்தான் மிஞ்சியது. ஆனால் அதே காலத்து ஆங்கிலேயக் காசைவிடப் பல மடங்கு அரிய ஸ்காட்டிஷ் காசு பல சமயம் குறைந்த விலைக்குப் போகிறது. காரணம், தேடுகிறவர்கள் குறைவு. வேறொரு மர்மமும் இல்லை.

அந்தக் காசுகளில் என்ன இருக்கிறது என்று ஒன்றிரண்டைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1565-இல் மேரி ராணி டார்ன்லி பிரபு ஹென்றியை மணந்தார். உடனே ஒரு வெள்ளி ரியால் வெளிவந்தது, இருவர் முகமும் எதிரெதிராக. அதில் ஹென்றியின் பெயர் முதலிலும் மேரியின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன. ராணி அவர், மாப்பிள்ளை வந்து ஏறியவர்! காசு திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்ததில் மேரியின் பெயர் முன்னால். ஒரு கல்யாணம் கசந்த வேகத்தை இரண்டு காசுகளை அடுத்தடுத்து வைத்தால் படித்துவிடலாம். முதலாவது இன்று விரல்விட்டு எண்ணும் அளவே உண்டு.

1701-இன் பிஸ்டோல் இன்னொன்று. பனாமாவின் டேரியனில் குடியேற்றம் அமைக்கப் போய், ஸ்காட்லாந்து தன் சேமிப்பையும் ஏராளமான உயிர்களையும் தொலைத்தது. அதே கம்பெனியின் வேறொரு கப்பல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவந்த தங்கத்தில் இந்தக் காசை அடித்தார்கள். மன்னர் வில்லியமின் தலைக்குக் கீழே கடலிலிருந்து எழும் சூரியன், கம்பெனியின் சின்னம். மதிப்பு பன்னிரண்டு ஸ்காட்டிஷ் பவுண்டு, அதாவது ஒரே ஒரு ஆங்கிலேயப் பவுண்டு. ஸ்காட்லாந்தில் அடிக்கப்பட்ட கடைசித் தங்க நாணயம் இதுவே. ஆறு வருடத்தில் நாடே இங்கிலாந்தோடு இணைந்துவிட்டது. அஸ்தமிக்கப்போகும் நாடு உதயசூரியனைப் பொறித்திருக்கிறது. இதற்கு எவ்வளவு விலை வைப்பீர்கள்?

விலை வைக்கத்தான் எண் கண்டுபிடித்திருக்கிறார்களே. லண்டனில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் போன வருடம் பரவசமாகப் போன் செய்தார். “அண்ணே, அறுபத்தஞ்சு வந்திருச்சு!” பையன் பரீட்சை மார்க் என்று நினைத்தேன். விக்டோரியா சாவரின் ஒன்றைத் தரம்பிரிக்கும் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அது பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்டு, 65 என்று சீட்டு ஒட்டித் திரும்பியிருக்கிறது. “எந்த வருஷத்துக் காசு தம்பி, பின்னால ஜார்ஜா கேடயமா?” என்று கேட்டேன். “அதைப் பாக்கணும்ணே” என்றார்.

இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்நாட்டின் பழைய செம்புச் செண்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அடிமட்டக் காசு ஒரு டாலர் என்றால், மிகச் சிறந்தது எழுபது டாலர். பிறவியிலேயே அது விலைப்பட்டியல்தான், அறிவியல் வேஷம் பின்னால் வந்தது. (மனித உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று மூன்று வகையாகப் பிரித்தவரும் இதே ஷெல்டன்தான். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல செண்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது.) இந்த அளவுகோலைக் கொண்டுபோய் இராபர்ட் புரூஸின் பென்னிமேல் வைக்கிறார்கள். கையால் சம்மட்டி அடித்துச் செய்த காசு அது. ஒன்றில் முகம் பாதி விழும், ஒன்றில் எழுத்து ஓரத்தோடு போகும். இயந்திரக் காசுக்கு வைத்த கணக்கு அங்கே என்ன செய்யும்?

பெட்டியால் வரும் கேடும் சின்னதல்ல. 1663-இன் ‘மனு கிரவுன்’ பிரிட்டிஷ் நாணயக் கலையின் உச்சம் என்பார்கள். கிராம்வெலுக்கு அச்சு செதுக்கியவர் தாமஸ் சைமன். முடியாட்சி திரும்பியதும் இரண்டாம் சார்ல்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த ரோட்டியர்களுக்கு வேலையைக் கொடுத்தார். சைமன் ஒரு வெள்ளிக் காசைச் செதுக்கி, அதன் விளிம்பிலேயே இரண்டு வரியில் மன்னருக்கு மனு எழுதினார்: என் வேலையையும் அவர்கள் வேலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அவர்களை நான் மிஞ்சியிருந்தால் என்னைக் காப்பாற்றுங்கள் என்கிற பொருளில். மன்னர் மனம் இரங்கவில்லை. இரண்டு வருடத்தில் சைமன் இறந்துபோனார். வேலை பறிபோன ஒரு கலைஞனின் குரல் முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் போட்டு, விளிம்பைப் பிளாஸ்டிக் பிடியில் சொருகி, எண் ஒட்டிப் பெட்டகத்தில் பூட்டுவது ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது மாதிரி.

இதுவரை சொன்னது ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். இனி சொல்வதை அப்படி ஒதுக்க முடியாது.

2015-இல் ஹெரிஃபர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இரண்டு டிடெக்டர்காரர்கள் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைத் தோண்டினார்கள். சட்டப்படி தெரிவிக்கவில்லை. ஏறக்குறைய முந்நூறு காசுகள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு, கைப்பற்றியது முப்பது சொச்சம். அவற்றில் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் மெர்சியாவின் இரண்டாம் கியோல்வுல்ஃபும் அடித்த, இரண்டு பேரரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காசுகள் இருந்தன. ஆல்ஃபிரட் தரப்பு எழுதிய வரலாறு கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் பொம்மை என்று கேலி செய்தது. காசோ, இருவரும் கூட்டாளிகள் என்கிறது. வென்றவன் அழித்த பெயரைக் காசு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் எந்தக் காசு எதன் பக்கத்தில் கிடந்தது, என்ன வரிசையில் புதைக்கப்பட்டது, எல்லாம் போய்விட்டது. 2019-இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை. 2023-இல் வேறு இருவர் 44 காசுகளை விற்க முயன்ற வழக்கில் தண்டனை பெற்றார்கள். அவற்றுக்குப் போலீஸ் சொன்ன மதிப்பு 7,66,000 பவுண்டு. அந்த எண்தான் ஆட்களை ராத்திரியில் வயலுக்கு இறக்குகிறது. 1933 பென்னியும் இப்படித்தான். ஏழெட்டுக்கு மேல் இல்லாத அந்தக் காசில் ஒன்று, லீட்ஸ் பக்கம் ஒரு தேவாலய அடிக்கல்லுக்குள்ளிருந்து 1970-இல் திருடப்பட்டது. இன்னொரு தேவாலயத்தில் திருடன் வருமுன் திருச்சபையே தோண்டி எடுத்து விற்றுவிட்டது.

சட்டம் என்ன செய்கிறது? இங்கிலாந்தின் 1996 புதையல் சட்டத்தின் அடிப்படைக் கணக்கில் இரண்டு பழைய தங்க வெள்ளிக் காசுகள் சேர்ந்து கிடைத்தால் புதையல், தனியாகக் கிடைத்த ஒன்று புதையல் அல்ல. ஹென்றியின் பென்னி ஏலத்துக்குப் போனது இந்த வழியாகத்தான். மெர்சிய மன்னர் கோயன்வுல்ஃபின் தங்கக் காசு 2001-இல் பிகிள்ஸ்வேட் அருகே நடைபாதையில் கிடைத்தது. 2004 ஏலத்தில் ஓர் அமெரிக்கர் 2,30,000 பவுண்டுக்கு வாங்கினார். ஏற்றுமதி உரிமத்தை நிறுத்திவைத்து, 2006-இல் பிரிட்டிஷ் மியூசியம் அதை 3,57,832 பவுண்டு கொடுத்து மீட்டது. இடையில் ஏறிய தொகையைப் பொதுநிதியும் நன்கொடையும் சுமந்தன. காசு அதே காசு.

ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. உரிமையாளர் இல்லாத எந்தப் பழம்பொருளும் அரசுக்குரியது, ஒற்றைக் காசானாலும் தெரிவித்தாக வேண்டும். செயின்ட் நினியன் தீவு வெள்ளிக்காக அபர்டீன் பல்கலைக்கழகமே வழக்காடி 1963-இல் தோற்றது. அருங்காட்சியகத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கண்டெடுத்தவருக்கு வெகுமதி தருகிறார்கள், வேண்டாததைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தும் தங்க வெள்ளிக் காசுகளுக்காவது இதைச் செய்ய வேண்டும். கிடைத்த இடம் பதிவான எண் இல்லாமல் எந்த ஏலக்கடையும் மண்ணிலிருந்து வந்த காசைத் தொடக்கூடாது.

“வெகுமதியையும் சந்தை விலையை வைத்துத்தானே கணக்கிடுகிறார்கள்?” என்று கேட்கலாம். ஆமாம், மறுக்கவில்லை. சந்தை இருக்கட்டும், கணக்குப்பிள்ளையாக இருக்கட்டும், நாட்டாமையாக வேண்டாம். கட்டாயப்படுத்தினால் ஒளிப்பார்கள் என்பது இன்னொரு வாதம். லெம்ஸ்டரில் கட்டாயம் இருந்தும் ஒளித்தார்கள். அதே 2015-இல் வாட்லிங்டனில் ஒருவர் அதே காலத்துப் புதையலைக் கண்டு உடனே தெரிவித்தார், மண்கட்டியோடு எடுத்து ஆய்ந்தார்கள், ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஒளித்தவர் ஜெயிலுக்குப் போனார், தெரிவித்தவர் பங்கு வாங்கினார்.

சேகரிப்பாளர்கள் எல்லாரையும் நான் திட்டவில்லை. பெய்ஸ்லியின் நூல் ஆலை அதிபர் தாமஸ் கோட்ஸ் ஸ்காட்டிஷ் காசுகளை மலையாகச் சேர்த்தார். சேர்த்துவிட்டு எட்வர்ட் பர்ன்ஸ் என்ற அறிஞரிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 1887-இல் வந்த அந்த மூன்று தொகுதிகள் இல்லாமல் இன்றைக்கும் அந்தத் துறையில் யாரும் நடக்க முடியாது. காசுகள் பின்னால் எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

“அருங்காட்சியகத்தில் இழுப்பறைக்குள்தானே கிடக்கும், யார் பார்க்கிறார்கள்?” என்று ஏலக்காரர்கள் கடைசியாகக் கேட்பார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் நாணயப் பிரிவுக்கென்று படிப்பறை இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டால் தட்டோடு எடுத்துவந்து மேசைமேல் வைப்பார்கள். காசை ஓரத்தில் பிடித்துத் திருப்பலாம். விளிம்பையும் பார்க்கலாம்.