பூநாரையை விரட்டினால்தான் படமா?

பனிக்காலம் வந்தாச்சுன்னா காட்டூர், பழவேற்காடு பக்கம் பெரிய லென்ஸோடு கூட்டம் கிளம்பிவிடும். எல்லோருக்கும் வேண்டியது ஒரே படம்: மொத்தமாக எழும்பும் பூநாரைக் கூட்டம். அது தானாகப் பறக்கும்வரை காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. ‘இன்னும் கிட்ட போங்கண்ணே’ என்று படகுக்காரரை நெருக்குகிறார்கள். ஆழமில்லாத நீரில் அலகைத் தலைகீழாக வைத்து, வடிகட்டித் தின்னும் பறவை அது. விரட்டினால் அந்த வேளை இரை போச்சு.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2009-ல் வென்ற ஓநாய்ப் படம், பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று 2010-ல் தகுதி இழந்தது. நம்ம ஊர்ப் போட்டிகளும் ‘எப்படி எடுத்தீங்க?’ என்று கேட்கலாமே!

ஏரி மீனவர்கள் யார், எங்கே, எப்போது வலை போடுவது என்பதைப் ‘பாடு’ முறையில் காலங்காலமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். கேமராக்காரர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். படகில் ஏறும்போதே ‘பறவை தலை தூக்கினா நிறுத்திடுங்கண்ணே’ என்று சொல்வதில் அதை ஆரம்பிக்கலாம்.