பாதி சித்திரக்காரன், பாதி கடைக்காரன்

எங்கள் வாசுதேவநல்லூரில் சித்திரம் எழுதுகிற ஒரு பிள்ளை இருக்கிறான். பெயர் வேண்டாம், சங்கடப்படுவான். கண்மாய்க்கரை, மேற்கே நிற்கிற மலை, பஸ் நிற்கிற இடத்துப் பூக்காரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நீர்வர்ணத்தில் எழுதுவான். நல்ல கை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, “அண்ணாச்சி, மெட்ராஸ்ல அஞ்சு நாளைக்கு ஹால் கெடைச்சிட்டு!” என்றான். வாடகையும் கட்டியாகிவிட்டதாம். பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். அப்புறம் அவன் தாயாரைப் பார்த்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுந்தான் இருந்தது.

ஐந்து நாளும் முடிந்து ஊர் திரும்பினான். ஹால் வாடகை, படங்களுக்குச் சட்டம் போட்ட செலவு, பார்சல் கூலி, விளக்கேற்ற வந்த பிரமுகருக்குப் பொன்னாடை, பிரமுகரோடு வந்தவர்களுக்குக் காப்பி. வாசலில் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக ‘அற்புதம்’, ‘மேலும் வளர்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விற்றது ஒரே ஒரு படம். அதை வாங்கியவன் அவனோடு படித்த சிநேகிதன்.

ஹால்காரரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் சுவரை வாடகைக்கு விடுகிறவர். பணம் வாங்கினார், சுவரைத் தந்தார். அந்தச் சுவருக்கு முன்னால் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று அவர் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. என் சண்டையெல்லாம், ‘கலை என்றால் பட்டணத்து ஹால், மற்ற இடமெல்லாம் கௌரவக் குறைச்சல்’ என்று இந்தப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்தக் கனவான்களோடுதான்.

அப்படிப்பட்ட கனவான் ஒருவரிடமே, “அடுத்த ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் இவனைக் கடை போடச் சொல்லப் போகிறேன்” என்றேன். மனிதர் பதறிவிட்டார். “வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவிலா? கலைஞன் தன் படத்துக்குத் தானே விலை சொல்லிப் பேரம் பேசுவதா? அப்புறம் அவன் கலைஞனா, வியாபாரியா?”

எங்கள் ஊர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் சுவாமி பாதி அம்மை, பாதி அப்பன். சங்கரன்கோவிலில் பாதி ஹரன், பாதி ஹரி. இரண்டையும் கும்பிட்டு வளர்ந்த ஜனங்கள் நாங்கள். ஒரு மனிதன் பாதி சித்திரக்காரனாகவும் பாதி கடைக்காரனாகவும் இருந்தால் மட்டும் தீட்டு ஒட்டிக்கொள்ளுமா? (நாவல் எழுதுகிற நானும் என் புத்தகத்தை என் கையால் விற்றதில்லை. பதிப்பாளர் விற்கிறார். அதனால் என் கௌரவம் பத்திரமாக இருக்கிறது. கணக்குத்தான் வந்து சேருவதில்லை.)

எங்கள் பக்கத்திலேயே பெரிய சித்திரக் கூடம் ஒன்று உண்டு: குற்றாலத்துச் சித்திர சபை. நடராஜர் அங்கே செப்புச் சிலையாக இல்லை. சுவரில் எழுதிய சித்திரமாக இருக்கிறார். அந்தச் சுவர்களை நிறைத்தவர்கள், ஜனங்கள் தாமாக வந்து சேருகிற இடத்தில்தான் படத்தை வைத்தார்கள். அருவியில் குளிக்க வந்தவன் ஈரத் தலையோடு உள்ளே போய் அண்ணாந்து பார்க்கிறான். அவனை யாரும் அழைப்பிதழ் அடித்துக் கூப்பிடவில்லை.

கோவில்பட்டிக் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. கொண்டையராஜு சென்னையிலே சித்திரப் பள்ளியில் படித்தவர்; நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940-களில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். பட்டணத்துக்குத் திரும்பி ஹால் பிடிக்க ஓடவில்லை. கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் உட்கார்ந்து அவர் எழுதிய தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டரில் ஏறி, தமிழ்நாட்டில் ஆணி அடித்த சுவரெல்லாம் போய்த் தொங்கின. 1976-ல் காலமானார். ‘காலண்டர் படம்தானே’ என்று உதட்டைப் பிதுக்கினவர்களின் வீட்டுப் பூஜையறையிலும் அவர் எழுதிய லட்சுமிதான் இருந்திருப்பாள்.

அது அச்சில் போன கதை, ஆள் நேரே நின்று விற்றதல்லவே என்று கேட்பீர்கள். சரி, பட்டணத்துக்கே வருகிறேன். சென்னைச் சித்திரக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் என்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பாட்டிக் துணி போட்டு விற்றார்கள். இன்னும் பல கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். கைத்தொழில் சோறு போட்டது. அதனால் யாருக்காகவும் வளைந்து கொடுக்காமல் படம் எழுத முடிந்தது. இன்று கலை உலகம் மரியாதையோடு சொல்லுகிற பெயர்கள் பல அந்த மணலிலிருந்து வந்தவை. வியாபாரம் அவர்களை எந்த விதத்தில் கெடுத்துவிட்டது? கனவான் சொல்லட்டும்.

பெங்களூரில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சித்திரகலா பரிஷத்துக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையை அடைத்துப் படங்களைத் தெருவில் பரப்பிவிடுகிறார்கள். எழுதினவனே படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘சித்ர சந்தே’. சந்தை என்ற சொல்லைப் பெயர்ப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள்; நமக்குத்தான் வாயில் வர மாட்டேன் என்கிறது.

அதற்காகக் கூட்டம் கண்ட இடத்திலெல்லாம் போய் உட்கார் என்று நான் சொல்லவில்லை. இதில் சூட்சுமம் உண்டு. தபசுத் திருவிழா பன்னிரண்டு நாள். தபசுக் காட்சியன்று ரத வீதியில் ஒரு மனிதன் நின்று படம் பார்த்தால் பின்னால் வருகிற கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு முந்தின நாட்கள்தான் தோது. ராட்டினத்துக்குப் பக்கம் ஆகாது. ஒலிபெருக்கியில் விலை கேட்காது. தரிசனம் முடிந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜனங்கள் காலை நீட்டி உட்காருகிற நிழல் எது என்று பார்க்க வேண்டும். குற்றாலமோ வேறு மாதிரி. குளிக்கப் போகிறவன் மடியில் காசு வைத்திருக்க மாட்டான். பஸ்ஸுக்குத் திரும்புகிறவன்தான் வாங்குவான். சாரல் அடித்தால் நீர்வர்ணம் போச்சு. கண்ணாடி போடாத படத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. எந்த இடமானாலும் ஒரு வருஷம் வெறுங்கையோடு போய், அங்கே ஜனங்கள் எதற்கு நிற்கிறார்கள், எதற்கு மடியை அவிழ்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்த பிறகே தரை வாடகை கொடுக்க வேண்டும்.

லட்ச ரூபாய்ப் படத்தைத் திருவிழாவில் வாங்க ஆள் வராது, வாஸ்தவம். அதை வாங்குகிறவன் பட்டணத்தில்தான் இருக்கிறான். ஆனால் அவன் கூப்பிட்டு, வாடகையும் அவன் தரப்பில் யாராவது கொடுத்தால் அங்கே போகலாம். தாயார் சங்கிலியை வைத்துப் போகக் கூடாது.

போன ஆடியில் பிள்ளை ஒருவழியாகச் சம்மதித்தான். உள்ளங்கை அகலம், தாள் அகலம் என்று சின்னதாக எழுதி எடுத்துக்கொண்டு போனான். ஐந்து நாள் உட்கார்ந்தான். தரை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போகக் கொஞ்சம் மிஞ்சியது. சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது; அதையும் மறைக்க வேண்டாம்.

திரும்பி வந்தவன் என்னிடம் விற்ற கணக்கைச் சொல்லவில்லை. ஒரு பெரியவர் கதையைச் சொன்னான். பாரவண்டிப் படம் ஒன்றை வெகுநேரம் குனிந்து பார்த்தாராம். “தம்பி, இம்புட்டு மூட அடுக்கியிருக்க. மாடு கழுத்த நிமித்திக்கிட்டு சும்மா போகுதே. நொகம் அழுத்தும்லா?” என்றாராம். அந்தப் படத்தை வைத்துவிட்டு, கண்மாய்க்கரைப் படத்தை இருபது ரூபாய் குறைத்துப் பேசி வாங்கிப் போனாராம்.

“ஹால்ல வந்த ஒருத்தரும் அதச் சொல்லலியே அண்ணாச்சி” என்றான். மறுநாள் விடியுமுன்பே, இன்னும் வண்டி மாடு வைத்திருக்கிற வீடு எது என்று விசாரித்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டான்.